தியேட்டரிலிருந்து வந்த வசவு

பிரசவ ஆபரேஷன் நடந்த அறையிலிருந்து ஜோதியம்மாளின் குரல் வராந்தா வரை கேட்டது.

“டாக்டர், எங்க வூட்டுக்காரரு ராயக்கோட்டைக்குத் தக்காளி விக்கப் போனா, டீக்கடையிலயே குந்திக்குவாரு.”

மாமியார் கெம்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “வயித்துல கத்தி வெக்கிற நேரத்துலயும் புருசனைத் திட்டறா. நீ சிரிக்கிறியேடா கங்கப்பா?”

“திட்டட்டும்மா. மரத்துப்போக முதுகுல ஊசி போட்டா பிரஷர் இறங்கிடுமாம். அதுக்குத்தான் சலைன் ஏத்தறாங்க. இறங்கினா பேச்சு தடுமாறுமாம். அது உடனே தெரியணும்னா அவ பேசிக்கிட்டே இருக்கணும்னாரு டாக்டர்.”

“வெளியாளுங்ககிட்ட அவ வாயே திறக்க மாட்டாளே.”

“அதான், என்னைப் பத்திக் கேளுங்கன்னு டாக்டர்கிட்ட நான்தான் சொல்லி வெச்சேன்.”

சட்டென்று உள்ளே பேச்சு நின்றது. கங்கப்பன் பதறி எழுந்தான். அடுத்த நொடி குழந்தை வீறிட்டது.

நர்ஸ் வெளியே வந்தாள். “பொண்ணுங்க. அம்மாவுக்குப் பிரஷர் இறங்கவே இல்ல. தையல் முடிஞ்சதும் உள்ள வாங்க. மிச்சத்தை நேர்லயே திட்டணுமாம்.”