ஒட்டிய பக்கம்

“புத்தகத்தைப் பார்த்தாத்தானே மேடம் வார்த்தை மண்டையில ஏறும்? இவ என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா!”

பேச்சுப் பயிற்சி தருபவளின் மேஜைமேல் வாத்துக் கதைப் புத்தகத்தை வைத்தார் அப்பா. பக்கத்து நாற்காலியில், கால் தரைக்கு எட்டாமல், ஐந்து வயது மகள்.

காது நன்றாகக் கேட்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் வரும். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் இவள் வாயிலிருந்து கேட்டுவிட மாட்டோமா என்று அவர் ஏங்காத நாள் இல்லை.

“ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேனே, படிச்சீங்களா சார்?”

“தினமும். எனக்குத் தூக்கத்துலகூட வாத்து கத்துது.”

பயிற்சியாளர் சிரித்தபடி ஒரு படத்தைத் தொட்டாள். “இது என்ன கண்ணு?”

“குளம்.”

“இது?”

“றெக்கை.”

“பரவாயில்லையே! நிறையக் கத்துக்கிட்டாளே சார்.”

“வார்த்தை வந்து என்ன, கதை புரிய வேண்டாமா? நடுவுல ரெண்டு பக்கத்தைப் பசை தடவி ஒட்டி வெச்சிருக்கா. ஏன்டின்னு திட்டியும் பார்த்துட்டேன். வாயே திறக்கலை.”

“அந்தப் பக்கத்துல என்ன வரும்?”

“அம்மா வாத்து திரும்பி வராது. குஞ்சு தேடும்.” சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயிற்சியாளருக்குச் சுரீரென்றது. இந்தக் குழந்தையின் அம்மா இறந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“தப்பு என்மேலதான் சார். யோசிக்காம இந்தக் கதையைக் குடுத்துட்டேன். பிஞ்சு மனசு, எப்படித் தாங்கும்?”

அப்பா மகளின் தலையைத் தடவினார். பெற்ற பிள்ளையின் மனசு புரியாமல் திட்டித் தொலைத்தோமே!

“வேற புத்தகம் தரேன். இது மத்த பிள்ளைங்களுக்கு ஆகட்டும்.” ஒட்டியிருந்த ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பினாள் பயிற்சியாளர்.

சட்டென்று ஒரு சின்னக் கை வந்து பக்கத்தை அமுக்கிக்கொண்டது. அப்போதும் மகள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

“வேணாம்,” என்றாள். கொஞ்ச நேரம் உதடு தடுமாறியது. பிறகு, அவர் இத்தனை நாள் காத்திருந்த இரண்டு வார்த்தைகள் சேர்ந்து வந்தன.

“அப்பா அழும்.”