மருமகள் கொண்டு வந்த பூச்சி

“வயித்துல பூச்சியை வெச்சுக்கிட்டு ஊருக்கே சமைச்சுப் போட்டிருக்கியே! வெட்கமா இல்ல உனக்கு?”

மாமியார் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மருமகளுக்குத் தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை. அங்கே சமைப்பவர்களுக்கு வருஷா வருஷம் மலப் பரிசோதனை உண்டு. இந்தத் தடவை குடலில் பூச்சி இருப்பதாகச் சொல்லிவிட்டார்களாம். வேறொருத்தியாக இருந்தால் மூச்சு விட்டிருக்க மாட்டாள். இவள் நடுவீட்டில் நின்று போட்டு உடைத்தாள்.

“எதுக்கு அத்தை வெட்கம்? பூச்சிதானே வந்துச்சு, போலீஸா வந்துச்சு? ஒரே சமையல், ஒரே பாத்ரூம். வீட்டுல எல்லாரும் டெஸ்டுக்குக் கொடுக்கணும். மாமாவும்தான்.”

மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். டாக்டர் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். கொஞ்ச நாளாக ஆள் பாதியாக இளைத்திருந்தார். கேட்டால் வெயில் என்பார்.

“ஓடுற மோட்டாரை எவனாவது பிரிப்பானா? ஒரு பூச்சி மாத்திரை வாங்கிட்டு வா, முழுங்கித் தொலைக்கிறேன்.”

“பார்க்காம முழுங்க அது என்ன மிட்டாயா மாமா? டெஸ்டுக்கு டப்பாவுல எடுத்துக் கொடுங்க. இல்லைன்னா கடை வாசல்லயே வந்து நின்னு கேட்பேன்.”

“பார்த்தியாடா உன் பொண்டாட்டி திமிரை!”

மகன் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

மாமியார் அவளுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைத்தார். மருமகள் அதிலேயே சாப்பிட்டு முடித்து, கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, சொன்னபடியே கடை வாசலில் போய் நின்றாள்.

“மாமா, டப்பா!”

வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போகிறதே என்று அவர் மறுநாளே கொடுத்துவிட்டார்.

அடுத்தடுத்து இன்னும் சில பரிசோதனைகள். கடைசியில் டாக்டர் மாமா, மாமியார், மருமகள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

“பூச்சி எதுவும் இல்லை. உங்க மருமகள் கேட்டுக்கிட்டதால ரத்தம் இருக்கான்னும் பார்த்தோம். இருந்துச்சு. அதான் குடலுக்குள்ள டியூப் விட்டோம். சின்னக் கட்டி, புற்றுநோய்தான். ஆரம்பத்துலயே பிடிச்சுட்டதால ஆபரேஷன்ல எடுத்துடலாம்.”

மாமா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். மாமியாருக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

“எல்லாம் இவ பூச்சியால வந்த வினை டாக்டர்! இவகிட்டேருந்துதான் ஒட்டிக்கிச்சு!”

“ஏதோ சில வகைப் புழு வருஷக்கணக்கா உடம்புல இருந்தா, அப்படி வரலாம்னு சொல்றாங்க. இவருக்கு அந்தப் புழுவே இல்லையேம்மா.”

“இவளுக்கு இருந்துச்சே!”

“எனக்கும் இல்ல அத்தை. எப்பவுமே இருந்ததில்ல.”

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். “அப்போ... அத்தனை பேச்சையும் வாங்கிக்கிட்டு, பொய்யா சொன்னே?”

“சொன்னேன். தேவைப்பட்டா இன்னொரு தடவையும் சொல்வேன். ‘ரத்தம் போகுதா மாமா’ன்னு கேட்டதுக்கு, ‘உன் வேலையைப் பாரு’ன்னார். தினம் பாத்ரூம் கழுவுறதுதானே அத்தை என் வேலை? அதைத்தான் பார்த்தேன்.”