மெதுவான குழாய்

"ஹபாரி?" என்று எல்லாரையும் பொதுவாக நலம் விசாரித்துக்கொண்டே உள்ளே வந்தார் கியோக்கோ.

ஐந்து பெண்களில் ஒருத்தியும் நிமிரவில்லை.

அவர் நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டுத் தன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"வந்தாச்சுடி துரை," என்றாள் நெகேசா தணிந்த குரலில். "இன்னிக்கு யார் தலை உருளப் போகுதோ?"

"என் தலைதான்," என்றாள் மொரா. "நேத்தே சொல்லிட்டார்."

நகுரு நகரில் அது ஒரு நடுத்தரமான பால் கம்பெனி. ஊர் ஊராகப் பால் வாங்கும் நிலையங்களின் எடை ஒரு இடத்தில், வண்டிகள் போய் வரும் விவரம் ஒரு இடத்தில், கடைகளின் ஆர்டர் வேறொரு இடத்தில், மாடு வளர்ப்பவர்களுக்குப் போன் வழியாகப் போகும் பணம் இன்னொரு இடத்தில். அத்தனையையும் இழுத்து, ஒன்றாக ஒட்டி, தினமும் ரிப்போர்ட் ஆக்குவதுதான் அந்த ஐந்து பேருக்கும் பிழைப்பு.

இப்போது, தகவலைத் தானாகவே இழுத்துச் சேர்க்கும், 'குழாய்' என்று அவர்கள் சொல்லும் கிளவுட் மென்பொருள் ஒன்றை வாடகைக்கு எடுக்கப் போகிறார்கள். இரண்டு கம்பெனிகள் போட்டியில் இருந்தன. எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு, அங்கே இருந்த ஒரே டேட்டா எஞ்சினியரான கியோக்கோவுடையது.

முதல் குழாய் படுவேகம். ஐந்து பேர் அரை நாள் செய்வதை, ஊற்றி வைத்த சாய் ஆறுவதற்குள் முடித்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வேலை போய்விடும் என்று பயந்தார்கள்.

இரண்டாவது மெதுவானது. திரையில் கட்டம் கட்டமாக வைத்து, கோடு இழுத்து இணைக்க வேண்டும். எங்கேயாவது அடைத்துக்கொண்டால், என்ன கோளாறு என்று சாதாரண வாக்கியத்தில் சொல்லும். அவ்வளவுதான் அதன் பெருமை.

கியோக்கோ அந்த இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து, "காலைல வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க? அப்புறம்? அது ஏன்?" என்று குடைந்தார். சொன்னதையெல்லாம் அவர்கள் கையாலேயே அந்தக் குழாயில் செய்யவும் வைத்தார்.

"நம்ம வாயாலயே எல்லாத்தையும் புடுங்கி மெஷினுக்குள்ள போட்டுட்டு, நம்மளை வெளியே தள்ளப் போறாண்டி," என்றாள் நெகேசா.

அதற்குப் பிறகு சாய் வேளையில் மந்தாசிப் பலகாரத் தட்டு அவர் பக்கம் நகரவில்லை.

"மொரா, மோலோ நிலையத்து எடையையும் பணத்தையும் இணைச்சுக் காட்டுங்க," என்றார் கியோக்கோ.

இணைத்தாள். ஒரே ஆளின் பெயர் இரண்டு தடவை வந்து நின்றது.

"தப்பு. மறுபடி."

மறுபடியும் தப்பு.

"எங்கேன்னு சொல்லித்தான் தொலைங்களேன்!"

"மாட்டேன். அதுவே சொல்லுது, படிச்சுப் பாருங்க. நாளைக்கு நான் இல்லேன்னா யாரைக் கேப்பீங்க?"

"நீங்க இல்லேன்னா நிம்மதியா இருப்போம்."

அறையே சிரித்தது. கியோக்கோவும் லேசாகச் சிரித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. அவள் சரியாகச் செய்து முடித்த பிறகுதான் நகர்ந்தார்.

மொரா தனியாளாகப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவள். இந்த வேலையும் போனால் எந்தக் கதவைத் தட்டுவாள்?

அந்த வாரமே, மெதுவான குழாயை விற்க வந்த ஆளோடு கியோக்கோ ஹோட்டலில் உட்கார்ந்திருந்ததை நெகேசா பார்த்துவிட்டாள்.

"சுட்ட ஆட்டுக்கறி, தட்டு நிறைய! மட்டமானதை ஏன் தூக்கிப் பிடிக்கறான்னு இப்பப் புரியுதா?"

புரிந்தது. கியோக்கோ லீவு போட்டிருந்த ஒரு நாள், மொரா மேனேஜர் செலகாட் மேடத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

"மேடம், கியோக்கோ சார் லஞ்சம் வாங்கிட்டார்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "யாருகிட்ட?"

"அந்த ரெண்டாவது குழாய்க்காரன்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து ஹோட்டல்ல சாப்பிட்டிருக்காங்க. வேகமானதை விட்டுட்டு மெதுவானதைக் கொண்டாந்தா வேற என்ன அர்த்தம்? எங்களை இந்தப் பாடு படுத்திட்டு, இன்னிக்கு அவர் ஊர் சுத்தப் போயிட்டார். எங்க அஞ்சு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும்னு அவருக்கு..."

மேடம் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரு மொரா. முடிவு வந்துடுச்சு. ரெண்டாவதுதான்."

"தெரியும் மேடம்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. முதல் குழாய்க்குப் புரோகிராம் எழுதத் தெரிஞ்ச ஆள் கூடவே இருக்கணும். கியோக்கோ இருந்தாப் போதும், நீங்க அஞ்சு பேரும் வேண்டாம். ரெண்டாவதை நீங்களே ஓட்டிக்கலாம். எஞ்சினியர் வேண்டாம். ரெண்டு பக்கமும் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாதுன்னு முதலாளிங்க சொல்லிட்டாங்க. எதுன்னு சொல்ல வேண்டியவர் அவர். சொல்லிட்டார்."

"அப்ப சாருக்கு வேலை போயிடுச்சா?" என்றாள் மொரா.

"ஆமா. ஹோட்டல்ல என்ன பேசினார் தெரியுமா? தான் போனப்புறம் உங்களுக்குச் சந்தேகம் வந்தா போன்ல சொல்லித் தர ஒரு ஆள் வேணும்னு அந்தக் குழாய்க்காரனோட மல்லுக்கட்டியிருக்கார். இன்னிக்கு ஊர் சுத்தப் போகலை. நைரோபில இன்டர்வியூ. இதுக்கு முன்னாடி போன இடத்துல எல்லாம் வயசாயிடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"எங்ககிட்ட... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வேண்டாம் மேடம், அவங்க ரொம்ப நல்லவங்க. விஷயம் தெரிஞ்சா, என் வேலை போயிடக் கூடாதேன்னு வேணும்னே தப்புத் தப்பா செஞ்சு காட்டுவாங்க'ன்னார்."