அமைச்சர் அனுப்பிய செய்தி

அமைச்சரிடமிருந்து மூன்றாவது செய்தி வந்ததும் சுபாஸ்ரீ எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டாள்.

ஓடைப்பட்டியில் அந்த வீட்டில் அப்போது அவள் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டத்தில் இருந்தார்கள். லாரி ஏற்றுகிற நாள், இருட்டும்வரை வரமாட்டார்கள். அக்கா முனீஸ்வரி தேனிக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

வினை மத்தியானம் ஆரம்பித்தது. அமைச்சர் சென்னையில் பேசிய பேச்சு அவருடைய ஃபேஸ்புக்கில் வந்திருந்தது. எந்தெந்த ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வளர்கின்றன என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், தேனி என்றதும் சிரித்தார். அங்கே இப்போதைக்குத் திராட்சையும் ஏலக்காயும் போதும், கம்ப்யூட்டரை மெதுவாகக் கொண்டுபோவோம் என்றார். கூட்டம் கைதட்டியது.

ப்ளஸ் டூ படிக்கிற சுபாஸ்ரீக்குப் பொறுக்கவில்லை. தேனியில் பெரியகுளம் ரோட்டில் மட்டுமே கட்டடம் கட்டடமாகக் கம்பெனிகள். அக்கா கம்பெனியிலேயே முந்நூறு பேர். எங்கெங்கோ இருக்கிற பெரிய இடங்களுக்காக இங்கே உட்கார்ந்து பதில் எழுதுகிற வேலை அக்காவுக்கு. எந்த இடத்துக்கு என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஆயுத பூஜையன்று அந்த ஆபீசில் அக்கா எடுத்த போட்டோ ஒன்று சுபாஸ்ரீயின் போனில் இருந்தது. வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். அதை எடுத்து அமைச்சர் பேச்சுக்குக் கீழேயே போட்டாள். இதெல்லாம் ஏலக்காய் மூட்டையா என்று ஒரு கேள்வியும் எழுதினாள். சொந்தப் பெயரில் இல்லை, பொய்ப் பெயரில். அந்தத் தைரியம்தான்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஊர்ப்பட்ட பேர் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அமைச்சர் பெயரில் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வரும்வரை.

"படத்தை உடனே எடுக்கவும்."

முடியாது என்று அனுப்பினாள். மறு நிமிடமே அடுத்தது வந்தது.

"ஓடைப்பட்டிதானே? ப்ளஸ் டூதானே? போய்ப் படிக்கவும்."

ஊரையும் படிப்பையும் அவள் எங்கேயும் எழுதவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தவளுக்கு மூன்றாவது வந்தது.

"இந்தப் படத்தால் உங்கள் அக்காவுக்கு வேலை போகும்."

தாழ் போட்டுவிட்டு வந்து, விரல் வழுக்க வழுக்கப் படத்தை அழித்தாள். ரெண்டு வருசமாகத் திராட்சை கைகொடுக்கவில்லை. அக்கா சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, சுபாஸ்ரீயைக் காலேஜில் சேர்ப்பதும் அதை நம்பித்தான். அக்காவுக்குப் போன் போட்டாள். பூஜை நாள் தவிர மற்ற நாளில் உள்ளே போகும்போதே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள் என்று தெரிந்தும் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே ஆட்டோ வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள். சுபாஸ்ரீ மூச்சுவிடாமல் அடுப்படி மூலையில் ஒடுங்கினாள்.

"ஏன்டி, கதவத் தொற."

அக்காவின் குரல். வேலை முடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. துரத்திவிட்டார்கள் என்று சுபாஸ்ரீ முடிவே செய்துவிட்டாள். கதவைத் திறந்து அக்காவைக் கட்டிக்கொண்டு, நடந்ததையெல்லாம் அழுகையும் விக்கலுமாகக் கொட்டினாள்.

"என்னாலதான்க்கா ஒன் வேல போச்சு."

முனீஸ்வரி தங்கையின் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். படம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"போகல. ஆபீஸ்ல மத்தவுக பாக்குறதுக்குள்ள எடுத்துட்ட. தலவலின்னு சொல்லிட்டு ஓடியாந்தேன்."

"அந்த அமைச்சர் விடமாட்டாகக்கா. நம்ம ஊரு, எம்படிப்பு, ஒன்னய, எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்காக. ராத்திரி ஆளு அனுப்புவாகளோ என்னமோ."

முனீஸ்வரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து தங்கையின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"கூறுகெட்டவளே, அந்த அமைச்சரே நான்தான்டி."