ஏழாவது வரி

"பேக்கரிக்காரர் கடையைச் சாத்தும்போது ஒரு ரொட்டிப் பாக்கெட்டை வாசல்லயே விட்டுட்டுப் போறாரே, அவரு என்ன ஞாபகமறதிக்காரரா?"

டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் வகுப்பே கை தூக்கிவிட்டது.

"இல்ல டீச்சர்! பசியோட வர்றவங்க எடுத்துக்கட்டும்னு வேணும்னேதான் வெச்சிட்டுப் போறாரு!"

"நீயாச் சொல்லக் கூடாது. எந்த வரியில இருக்கு?"

"ஏழாவது வரி! தெருமுனையில நின்னு, யாராவது எடுத்தாங்களான்னு திரும்பிப் பாத்தாரு!"

சொன்னவன் ஓட்டைப்பல்லன். கதைத்தாள் அவன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. டீச்சர் ஓரக்கண்ணால் பின்பக்கம் பார்த்தாள்.

கடைசி வரிசையில், பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார் ஆய்வுக்கு வந்த மேடம். பக்கத்தில் தலைமையாசிரியர், நொடிக்கொரு தரம் நெற்றியைத் துடைத்தபடி. டீச்சர் இரண்டு வருஷமாகத் தற்காலிகம். இந்த ஒரு வகுப்பு மேடத்துக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தப் பயத்தில்தான் புத்தி கோணலாகப் போனது. இன்று முதல்முறையாக நடத்தச் சொல்லி மேடம் அனுப்பிய புதுக் கதையை டீச்சர் நேற்றே நடத்திவிட்டாள். கேள்வி, பதில், வரி எண், எல்லாம் ஒத்திகை. "நாளைக்குத்தான் முதல்ல படிக்கிற மாதிரி இருக்கணும், என்ன?" என்று கெஞ்சியும் வைத்திருந்தாள்.

பிள்ளைகள் அதற்கு மேலேயே நடித்தார்கள். சற்று முன் கதையைப் படித்தபோது, ரொட்டி வரும் வரி வருவதற்கு முன்பே முதல் பெஞ்சிலிருந்து ஒரு "அச்சச்சோ!"

மேடம் எழுந்து முன்னால் வந்தார். டீச்சர் கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"இந்தக் கதையை இன்னிக்குத்தான் முதல்ல படிக்கிறீங்களா?"

"ஆமா மேடம்!" ஒரே குரல். டீச்சருக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"எனக்கென்னவோ உங்க டீச்சர் இதை நேத்தே நடத்திட்டாங்கன்னு தோணுது."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பில் 'வக்கீல்' என்று பெயர் வாங்கிய சின்னப் பெண் விருட்டென்று எழுந்தாள்.

"ஆதாரம் சொல்லுங்க மேடம். தோணுதுன்னு எல்லாம் சொல்லக் கூடாது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தான் தினமும் சொல்லும் வார்த்தையை வைத்தே தனக்காக வாதாடுகிறதே இந்தக் குட்டி!

"டீச்சர் கேட்டு முடிக்கறதுக்குள்ளயே கை தூக்கினீங்களே?"

"அது பத்தாது மேடம். சாப்பாட்டு மணி எப்போன்னு கேட்டாலும் நாங்க அப்படித்தான் தூக்குவோம்."

"சரி. தாளைப் பார்க்காமலே ஏழாவது வரின்னு சொன்னானே?"

வக்கீல் தலையைச் சொறிந்தாள். "அது கொஞ்சம் நல்ல ஆதாரம்தான்."

அவ்வளவுதான், ஓட்டைப்பல்லனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அதைவிட நல்லது என்கிட்ட இருக்கு மேடம்! தாள் மூலையில பாருங்க, நேத்து நான் வரைஞ்ச பூனை!"

"ஏழாவது வரிக்குக் கீழ பென்சில் கோடு போட்டு அழிச்சிருக்கோம் மேடம்!"

"என் தாள்ல நேத்து சாப்பிட்ட பிஸ்கட் கறை!"

ஆளாளுக்குத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். யாரைக் கவிழ்க்கிறோம் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடம் அவளை வராந்தாவுக்கு அழைத்தார்.

"நேத்தே நடத்திட்டேன் மேடம்." டீச்சருக்குத் தலை நிமிரவில்லை. "வேலை போயிடுமோன்னு பயம். பிள்ளைங்களையும் பொய் சொல்ல வெச்சிட்டேன். வெக்கமா இருக்கு."

"வெக்கப்பட வேண்டியதுதான்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளைகள் பிஸ்கட் கறை பெரிய ஆதாரமா, பூனை பெரிய ஆதாரமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடம் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"நீங்க சொல்லிக் குடுத்த பொய் ஒரு மணி நேரம்கூட நிக்கல. ஆதாரம் கேக்கச் சொல்லிக் குடுத்தது மட்டும் என்னையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்குது. ரெண்டு வருஷமா நெஜமா எதைச் சொல்லிக் குடுத்தீங்கன்னு புரிஞ்சுது."

"மேடம்..."

"வேலை நிரந்தரம்னு எழுதப் போறேன். என்ன ஆதாரம்னு மேலிடத்துல கேட்டா, 'அந்தப் பிள்ளைங்க தங்களோட டீச்சரையே மாட்டிவிட்ட அழகைப் போய்ப் பாருங்க'ன்னு சொல்லிக்கறேன்."