கோட்டுக்கு அந்தப் பக்கம்

கோலைத் தவறவிட்ட முயலை மைதானத்துக்குள் ஓடிப்போய் முட்டியதற்காக, கால்பந்து கோச் கிடாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து அது திரும்பி வந்தது. அது ஜெயித்துத் தந்த கோப்பைகளை நினைத்துப் பாதிப் பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதே முயல் நேராகக் கிடாவின் முன்னால் வந்து நின்றது. விலாவில் தழும்பு இன்னும் மாறவில்லை.

"சார், இன்னைக்கு எல்லைக்கோடு நான்தான் போட்டேன். ஈரச் சுண்ணாம்பு. மிதிச்சா குளம்புல ஒட்டிக்கும்."

"தாண்ட மாட்டேன்" என்றது கிடா.

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க. அதான் ஈரமாப் போட்டிருக்கேன்."

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருந்தது. எதிரே கோல்கீப்பர்கூட இல்லை. ஆனாலும் முயல் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது.

கோட்டோரம் தரை அதிர்ந்தது. முயல் கண்களை இறுக்கி மூடிக்கொண்டது.

எதுவும் வந்து முட்டவில்லை.

விசில் ஊதியதும் முயல் மெல்ல நடந்து வந்து பார்த்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் ஆழத்துக்கு மண் பெயர்ந்து கிடந்தது. குழிக்குள் கிடா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தது.

"காலைத் தூக்குங்க, சார்."

கிடா ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டியது. நாலு குளம்பிலும் செம்மண்தான்.

"நாளைக்குப் பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வரணும், சார்?" என்று கேட்டது முயல்.