அலை தொட்டால் வேறு கோர்ட்டு

என் நாத்தனார் மரியபுஷ்பத்தின் ஒரே மகள் ஜெனோவா கடற்கரைக் கல்லறையில்தான் கிடக்கிறாள். கடல் ஏறி ஏறி அந்தக் குழிவரைக்கும் வந்துவிட்டது. பிள்ளையின் எலும்பையாவது எடுத்து மேட்டில் புதைக்க வேண்டும் என்று புஷ்பம் மனுப் போட்டாள்.

தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த இடம் மாநிலக் கோர்ட்டுக்கு. ஏறிவிட்டால் மத்தியக் கடல் கோர்ட்டுக்கு. விசாரணை எல்லாம் போனில்தான். நீதிபதி "சொல்லுங்கம்மா" என்பார். இவள் வாயைத் திறப்பாள், அலை குழியைத் தொட்டுவிடும். "வழக்கு மாற்றப்பட்டது" என்று போன் சொல்லும். அங்கே இருக்கிறவருக்கு முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் இறங்கிவிடும்.

"ரெண்டு பேரும் நல்லவுகதான் மைனி. ஆனா எம்புள்ள கதைய ஒருத்தரும் முழுசாக் கேக்கல" என்பாள்.

நேற்று மாநிலக் கோர்ட்டு உத்தரவு வந்தது. தரை காய்ந்திருக்கும்போது தோண்டிக்கொள்ளலாமாம். மண்வெட்டியோடு ஓடினோம். கடல் இறங்கியது, ஆனால் குழியை விட்டு விலகவில்லை. சிலுவையின் மேல்பாதி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"இன்னும் வத்தும்ட்டி, நில்லு" என்றேன்.

"இனி வத்தாது மைனி."

"தண்ணிக்குள்ள தோண்டுனா கடல் கோர்ட்டுல புடிச்சு உள்ள போட்ருவான்."

"போடட்டும்."

முழங்கால் தண்ணீரில் இறங்கி அவள் வெட்ட ஆரம்பித்தாள். நானும் இறங்கினேன். இருட்டும்வரை வெட்டினோம். வெட்டிய பள்ளத்தை ஒவ்வொரு அலையும் தூர்த்துவிட்டுப் போனது.